மேலே படம், கீழே கல்யாணம்

சுரண்டி வந்த புதிதில் ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. அரசாங்கம் அதற்கு 'அடிப்பதிவு வாசிப்பான்' என்று அழகாகத்தான் பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் சுரண்டி என்றார்கள். செய்கிற வேலைக்கு அதுதான் பொருத்தம். பழைய வீடியோ கேசட்டில் ஒன்றின் மேல் ஒன்று பதிந்திருந்தால், மேலே இருப்பதைச் சுரண்டி எறிந்துவிட்டு அடியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் சமர்த்து.

ஆனால் அந்தக் காலத்தில் எந்த வீட்டில் ஒன்றின் மேல் ஒன்று பதியாமல் இருந்தார்கள்? புதுக் கேசட் வாங்க மனசு வராது. கல்யாணக் கேசட் பீரோவில் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று வீடியோக்காரர் கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துத்தான் கொடுத்திருப்பார். நம் ஆட்களா விடுவார்கள்? அந்த ஓட்டையில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அதன் தலையில் ஏற்றிவிடுவார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற நேரத்தில் வில்லனின் கார் வந்து மோதும்.

ஐம்பது வருஷம் கழித்து எல்லாருக்கும் ஞானம் வந்தது. செத்துப்போன தாத்தாவைப் பார்க்க வேண்டும், வளைகாப்பைப் பார்க்க வேண்டும், விவாகரத்து ஆனவர்கள்கூட எதற்கோ பழைய ரிசப்ஷனைப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மேலே இருந்த படங்கள் போயின. பிரிண்ட்டும் இல்லாமல் நெகட்டிவும் இல்லாமல் ஏதோ ஒரு வீட்டுக் கேசட்டில் மட்டும் உயிரோடு இருந்த படங்கள் அவை. சினிமா சேகரிப்பாளர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். அவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. சந்தையில் அடுத்த வீட்டுக் கல்யாணக் கேசட்டுகளை மூட்டையாக வாங்கி, அடியில் ஏதாவது அபூர்வப் படம் கிடக்காதா என்று ஊரார் தாலிகட்டுகளையெல்லாம் சுரண்டிப் பார்த்தவர்கள்தான்.

பாளையங்கோட்டைப் பதிவு மீட்பு மையத்தில் சுரண்டியை ஓட்டியவர் இருதயராஜ். வயது அறுபத்து நாலு. ஒரு காலத்தில் முருகன்குறிச்சிப் பக்கம் வீடியோ லைப்ரரி வைத்திருந்தார். கேசட்டைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தே உள்ளே நாடா எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்வார். வீட்டில் இரண்டு அறை நிறையப் படக் கேசட்டுகள். வெள்ளி விழாப் படங்கள் அவருக்கு வேண்டாம். மூன்று நாளில் பெட்டிக்குள் போனவை, சென்சாரில் பாதி வெட்டுப்பட்டவை, தயாரிப்பாளரே மறந்துவிட்டவை. ஊர் உதறிய படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிற சுபாவம். மனைவி இருந்தவரைக்கும், "உங்களுக்கு ஓடின படமே ஆகாதா?" என்று கேட்பாள்.

அவர் இருபத்தாறு வருஷமாகத் தேடிய படம் ஒன்று உண்டு. 'செவ்வாய்க்கு ஒரு டிக்கெட்.' எண்பத்தொன்பது பொங்கலுக்கு வந்தது. வேட்டி கட்டிய ஒரு ஆள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கதை. நாலே ஊரில் ஓடிற்று. நெகட்டிவை வெள்ளி எடுக்கக் கழுவிவிட்டார்கள். டிவியில் வரவில்லை, கேசட்டாகவும் வரவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டே பார்க்காதவர்கள் அதற்கு ரசிகர்களானார்கள். இருதயராஜிடம் அதன் போஸ்டர் ஒன்று இருந்தது, பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. படம் மட்டும்தான் இல்லை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அது தானாக அவர் மேஜைக்கு வந்தது.

கொண்டுவந்தவள் சங்கரவடிவு. நாற்பத்தெட்டு வயது, அம்பாசமுத்திரம் தபால் ஆபீஸில் வேலை. ஈரம் படக் கூடாதென்று எவர்சில்வர் சம்புடத்தில் ஒரு கைப்பிடி அரிசி போட்டு, அதன் மேல் கேசட்டை வைத்து மூடிக் கொண்டுவந்திருந்தாள். இருதயராஜ் எடுத்துப் பார்த்தார். லேபிளில் 'மாசானமுத்து – இசக்கியம்மாள், 7.9.86' என்று எழுதி ஒரு கோடு அடித்திருந்தது. அதன் கீழே பால்பாயிண்ட் பேனாவில் படத்தின் பெயர்.

அவர் அதை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எங்க அம்மா அப்பா கல்யாணக் கேசட் அண்ணாச்சி," என்றாள் சங்கரவடிவு. "எனக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது அம்மா மஞ்சக்காமாலையில போயிட்டா. முகம் போட்டோவுல இருக்கு. குரல்தான் இல்ல. எப்படிப் பேசுவான்னே எனக்குத் தெரியாது. இதுல இருக்கும்னு வந்திருக்கேன்."

"இந்தப் படம்..."

"எங்கப்பா செஞ்ச வேலை. தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தாரு. சினிமாப் பைத்தியம். பொண்டாட்டி கல்யாணத்தை அழிச்சுட்டு இந்தக் கண்றாவியைப் பதிஞ்சு வச்சிருக்காரு. பத்தொன்பது வயசுல லேபிளைப் பாத்துத்தான் எனக்கு இது தெரிஞ்சுது, போட்டுப் பாக்க மனசு வரல. அன்னைக்கோட அவருக்கும் எனக்கும் பேச்சு நின்னுது."

"இப்ப அவரு?"

"நாலு வருஷம் ஆச்சு, செத்து."

டிவியில் வராத படத்தை மாசானமுத்து எப்படிப் பதிந்தார் என்று இருதயராஜ் கேட்டிருக்க வேண்டும். வேறு எந்தக் கேசட்டாக இருந்தாலும் கேட்டிருப்பார். அன்றைக்கு அவருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. தியேட்டர்க்காரருக்கு எங்கிருந்தாவது காப்பி கிடைத்திருக்கும் என்று மனசே பதிலும் சொல்லிக்கொண்டது.

"ரெண்டையும் எடுக்க முடியாதா அண்ணாச்சி? எனக்குப் படம் வேண்டாம், சும்மா கேக்கேன்."

"முடியாதும்மா. எலெக்‌ஷனுக்குச் சுவத்துல எழுதுவாங்கல்ல? போன எலெக்‌ஷன் எழுத்து மேல வெள்ளையடிச்சுட்டு இந்த எலெக்‌ஷனுக்கு எழுதுவான். பழைய எழுத்து வேணும்னா வெள்ளையைச் சுரண்டணும். அப்ப புது எழுத்து போயிரும்."

"சுரண்டுறதுக்கு முன்னாடி புது எழுத்தைப் பாத்து எழுதி வச்சுக்கலாம்ல?"

புத்திசாலிதான். எல்லாரும் கேட்கிற கேள்வியும்தான்.

"நல்ல நாடான்னா செய்யலாம். இது பூஞ்சை பிடிச்சது, இங்க பாருங்க, ஓரமெல்லாம் வெள்ளையா இருக்கு. ஒரே ஒரு தடவைதான் ஓடும், அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திக்கணும். ஓட ஓட மேல பூசியிருக்க மருந்து உதிர்ந்துக்கிட்டே வரும். முடியும்போது வெறும் பிளாஸ்டிக்தான் கையில நிக்கும். மேலேன்னா மேலே, கீழேன்னா கீழே."

"கீழே," என்றாள் அவள். யோசிக்கவே இல்லை.

இங்கேதான் இருதயராஜ் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட்டில் பேச்சு இருக்காது. வீடியோக்காரர்கள் முழுக்க முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பித்தான் கொடுப்பார்கள். பந்தக்கால் நடும்போது ஒரு பாட்டு, பந்தியில் ஒரு பாட்டு, மாமியார் அழுதால் அதற்கு ஒரு பாட்டு. கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் ஒன்றும் கேட்காது. இவள் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிற குரல் அந்த நாடாவின் அடியில் இல்லவே இல்லை. இது மையத்தில் மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. லைப்ரரி நடத்தியவருக்கு நன்றாகத் தெரியும்.

போன வருஷம் மேலப்பாளையத்து ஆள் ஒருவரிடம் இதைச் சொல்லத்தான் செய்தார். "மேலே இருக்க படத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லுதீரா?" என்று அவர் கத்தி, மேலதிகாரி வரைக்கும் போய்விட்டார். அன்றிலிருந்து இருதயராஜ் வாயை மூடிக்கொண்டார். இன்றைக்கும் அதையே தனக்குச் சாக்காகச் சொல்லிக்கொண்டார். ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. சொன்னால் இவள், "அப்ப எதுவுமே வேண்டாம்" என்று சம்புடத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அடுத்த மழைக்கு இந்த நாடா தாங்காது.

"கல்யாணக் கேசட்ல சத்தம்..." என்று ஆரம்பித்தார்.

"சத்தம்?"

"சில சமயம் தெளிவா இருக்காது."

"பரவால்ல அண்ணாச்சி. ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

மனுவில் 'கீழ்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள். ஏசி அறைக்குள் மையத்து ஆட்களைத் தவிர யாரும் வரக் கூடாது என்பது விதி. "ரெண்டரை மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வாங்க," என்றார். "இங்கேயே இருக்கேன்," என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கேசட்டைப் பிரித்து, நாடாவைத் தூசி தட்டிச் சுருளில் மாட்டினார். இயந்திரத்தின் நெற்றியில் ஒரு திருகு. இடது பக்கம் கீழ், வலது பக்கம் மேல். இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷத்தில் மனுவில் இருப்பதற்கு மாறாக அவர் அதைத் திருப்பியது கிடையாது. சக சேகரிப்பாளர்கள் எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்தார்கள், ஆசை காட்டினார்கள். "போங்கய்யா அங்கிட்டு" என்று விரட்டிவிட்டவர்.

கீழே ஒன்றும் கிடைக்கவில்லை, பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். பாதிக் கேசட்டுகளுக்கு அதுதான் நிஜம், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அவளுக்கு எப்படியும் குரல் கிடைக்கப்போவதில்லை, படமாவது பிழைக்கட்டும். யாருக்கு நஷ்டம்? இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டே வலது பக்கம் திருப்பினார்.  

திரையில் முதலில் இருட்டு. பிறகு கோணலாக ஒரு வெளிச்சச் சதுரம். அதன் கீழே வரிசையாகத் தலைகள்.

"அட எழவே!" என்றார் வாய்விட்டு.

காப்பியும் இல்லை, கீப்பியும் இல்லை. கல்யாண வீடியோக்காரரின் கேமராவைத் தியேட்டர் ஆபரேட்டர் அறைக்கே கொண்டுபோய், புரொஜக்டருக்குப் பக்கத்து ஓட்டையில் வைத்து, ஓடுகிற திரையை அப்படியே பிடித்திருக்கிறான் அந்த மனுஷன். புரொஜக்டர் கடகடவென்று ஓடுகிற சத்தம் ஒரு பக்கம். கீழே எவனோ இருமுகிறான். இதற்கா ஒருத்தியின் வயிற்றில் அடித்தோம் என்று இருதயராஜுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது கேமராவுக்கு வெகு பக்கத்தில் ஒரு பெண் சிரித்தாள்.

"போற ஆளைப் பாருங்க, செவ்வாய்க் கிரகத்துக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுல்லா போறான்!"

"ஏளா, மெதுவா," என்றது ஓர் ஆண் குரல். "எல்லாம் பதியுது."

"பதிஞ்சாப் பதியட்டும். ராக்கெட்டுக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துட்டான் பாருங்க. இப்ப வெடிக்கும், வேணாப் பாருங்க."

ராக்கெட் வெடித்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இருதயராஜ் பல்லைக் கடித்தார். படம் நன்றாகத்தான் இருந்தது, கேள்விப்பட்டதைவிட நன்றாக இருந்தது. ஆனால் ஒரு வசனத்தை முழுசாகக் கேட்க விடமாட்டேன் என்கிறாளே இவள்! பரவாயில்லை, இப்போதெல்லாம் குரலைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம். கொஞ்சம் மெனக்கெட்டால் இவளைச் சுத்தமாக நீக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த ஆண் குரல் மறுபடி கேட்டது.

"இசக்கி, பிள்ளை முழிச்சிரப்போவுது. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரி."

இருதயராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சேசுவே என்று சொன்னாரே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால், மனுவுக்கு மாறாகத் திருப்பினேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிஷம் அப்படியே நின்றார். இருபத்தாறு வருஷம் தேடிய படம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதில் ஒரு காட்சியையும் பார்க்கவில்லை. இசக்கியம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். கதாநாயகியின் கொண்டையைக் கேலி செய்தாள். வில்லன் யாரென்று முன்கூட்டியே சொன்னாள். புருஷனிடம் முறுக்கு கேட்டாள்.  இவளையா நீக்கப் பார்த்தோம் என்று இருதயராஜுக்கு வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்கம்மா."

"முடிஞ்சிட்டா?"

"இல்ல. நான் உங்களை ஏமாத்திட்டேன். மேலே இருக்கதைத்தான் ஓட்டுதேன். படத்துக்கு ஆசைப்பட்டுச் செஞ்சுட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. "நிறுத்துங்க," என்றாள். "இப்பவே நிறுத்துங்க. மிச்சத்துல கீழே எடுங்க."

"கீழே உங்க அம்மா குரல் இல்ல. முழுக்கப் பாட்டுத்தான் போட்டிருப்பான். எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னாக் கேசட்டைத் தூக்கிட்டுப் போயிருவீங்கன்னு சொல்லல." திரையின் பக்கம் கையைக் காட்டினார். "உங்க அம்மா உள்ள இருக்காங்க. வந்து கேளுங்க."

விதியாவது ஒன்றாவது. சங்கரவடிவு உள்ளே வந்து நின்றாள். திரையில் படத்தின் இடைவேளை விழுந்தது. அரங்கில் விளக்குகள் எரிந்தன. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. புரொஜக்டர் சத்தம் அடங்கியதால் குரல்கள் துல்லியமாகக் கேட்டன.

"பேசுறது யாரு?" என்றாள், நன்றாகத் தெரிந்துகொண்டே.

"ஏளா, உனக்கு வருத்தமில்லையே?" என்றது மாசானமுத்துவின் குரல். "கல்யாணக் கேசட்டைப் போயி இதுக்குக் குடுத்துட்டியே. நாளைக்குப் பிள்ளை பாக்கக் கேட்டா?"

"அதுல பாக்க என்ன இருக்கு? ரெண்டு மணி நேரமும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். போதாக்குறைக்கு மேல பாட்டு வேற. இதுல நான் சிரிக்கவாவது செய்யுதேன். பிள்ளை கேட்டா இதைப் போட்டுக் காட்டுங்க."

சங்கரவடிவு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை போல அழுதாள். திரையில் அவளுடைய அப்பா முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மாதான் குடுத்திருக்கா," என்றாள். "அவளே எடுத்துக் குடுத்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்?"

 அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"எங்க சொல்ல விட்டேன்? கேசட்டுன்னு வாயைத் தொறந்தாலே எந்திரிச்சுப் போயிருவேன். செத்ததுக்குக்கூட நான் போகல அண்ணாச்சி. தந்தி மாதிரி ஒரு மெசேஜ் வந்துச்சு, பாத்துட்டு வேலையைப் பாத்தேன்."

 நாடாவிலிருந்து பழுப்பு நிறத் தூள் தட்டில் உதிர்ந்துகொண்டிருந்தது. இருதயராஜ் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் செஞ்சது தப்புதாம்மா. உங்களுக்கு நல்லது பண்ணணும்னு செய்யல. ஏதோ இப்படி அமைஞ்சு போச்சு. மேலதிகாரிட்ட நானே எழுதிக் குடுத்திருதேன். தப்புதான்."

சங்கரவடிவு வெடுக்கென்று தலையைத் தூக்கினாள்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. ஏன் அழிச்சீங்கன்னு பத்தொன்பது வயசுல கத்துனேன். நடுவீட்டுல நின்னுக்கிட்டு அவரும் இதையேதான் சொன்னாரு. 'தப்புதான் தாயி, நான் செஞ்சது தப்புதான்'னாரு. செய்யாத தப்புக்கு. அம்மா மேல எனக்குக் கோவம் வந்திரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீங்க செஞ்ச தப்பும் அவர் சொன்ன தப்பும் ஒண்ணா?"

"இல்ல," என்றார் இருதயராஜ்.

"படத்தை நீங்க வச்சுக்கோங்க. ஊருக்கெல்லாம் காட்டுங்க. ஆனா எங்கம்மா குரலையோ எங்கப்பா குரலையோ அதுலேருந்து எடுத்தீங்கன்னா நல்லா இருக்க மாட்டீங்க."

"எடுக்க மாட்டேன்."

தியேட்டரில் மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. வேட்டிக்காரன் செவ்வாயில் இறங்கிச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். இசக்கியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். கூடவே, அடக்கமாக, மாசானமுத்துவும் சிரித்தார். சங்கரவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சத்தத்தைக் கூட்டி வைங்க அண்ணாச்சி," என்றாள். "அப்பா குரல் சன்னமாக் கேக்கு."